பத்தரை வண்டிக்கு முந்தைய ஆறு நிமிடங்கள்

1

போன மாதம் ரெஜ்ஜிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ரெஜ் எங்கள் ஊர் மாடல் ரயில் சங்கத்தின் கண்காட்சிப் பொறுப்பாளர். கோபம் வந்தால் ஆங்கிலேயர்கள் மரியாதையைக் கூட்டிவிடுவார்கள் என்பது இங்கிலாந்துக்கு வந்த இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம். "அன்புள்ள சாம், உங்கள் பொம்மிடி ஸ்டேஷனைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். ஒரு சின்ன விஷயம் மட்டும், தவறாக நினைக்க மாட்டீர்களே" என்று தொடங்கி, மூன்று பத்தி கழித்துத்தான் விஷயத்துக்கு வந்திருந்தார். என் பெயர் சவரிமுத்து. சாம் என்பது அவர்கள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்டது.

மாடல் ரயில் கண்காட்சிகளில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஏதாவது ஒரு வண்டி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடவில்லையென்றால் பார்க்க வந்தவர்கள் நிற்க மாட்டார்கள். குழந்தைகள் அப்பாவின் கையைப் பிடித்து அடுத்த மேசைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். தருமபுரிப் பக்கத்து என் ஊரான பொம்மிடியின் அந்த மாதிரியில் காலை பாசஞ்சர் வரும், நிற்கும், போகும். அதற்குப் பிறகு, நிஜத்தில் நாலு மணி நேரத்துக்கு ஈடாக, ஆறு நிமிடத்துக்கு ஒன்றுமே நடக்காது. பிறகு பத்தரை வண்டி வரும். இரண்டு நிமிடம் நிற்கும். ஒருவரும் ஏற மாட்டார்கள், இறங்க மாட்டார்கள். அது போன பிறகு மறுபடியும் முதலிலிருந்து. "அந்த ஆறு நிமிடத்தில் ஒரே ஒரு கூட்ஸ் வண்டியாவது விடக் கூடாதா? மெயின் லைன் என்கிறீர்களே, கூட்ஸ் ஓடியிருக்குமே?" என்று கேட்டிருந்தார் ரெஜ்.

ஓடியிருக்கும். ஆனால் நான் பார்க்கவில்லையே! நான் கட்டி வைத்திருப்பது எண்பத்தாறாம் வருடத்தில் ஒரு வியாழக்கிழமை காலையை. அன்றைக்கு அந்த பாசஞ்சரில் ஏறித்தான் நான் ஊரைவிட்டு வந்தேன். அது கிளம்பிய பிறகு ஸ்டேஷனில் எது ஓடியது, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் ஓட்டுவதில்லை என்று பதில் எழுதினேன். "புரிகிறது" என்று ஒற்றை வரி வந்தது. புரியவில்லை என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆறு நிமிடத்துக்குள் என்ன இருக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவி ஸ்டெல்லாவிடம்கூட. அன்று காலை பாசஞ்சருக்கும் பத்தரை வண்டிக்கும் நடுவில் என் அக்கா அந்த பிளாட்பாரத்துக்கு வந்தாளா, இல்லையா? முப்பத்தெட்டு வருடமாக இந்த ஒரே கேள்வியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமைதான் பதில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

இந்தப் பைத்தியம் பிடித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வளைகுடாவில் பதினைந்து வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்ததால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவன் நான். என் தருமபுரி ஐ.டி.ஐ. சான்றிதழை இங்கே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு எட்டு மாதம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது என்னவென்றே தங்களுக்குத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். ஒரு பிளக்கில் மூன்று ஒயரையும் எங்கெங்கே மாட்டுவது என்று மீசை முளைக்காத ஒருவன் எனக்கு வகுப்பெடுத்தான். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை, பக்கத்துச் சர்ச் ஹாலில் ரயில் கண்காட்சி நடக்கும்போது மின்சாரம் போய்விட்டது. முப்பது ரயில்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. வயதான ஆண்கள் கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். வேடிக்கை பார்க்கப் போன நான் பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். இங்கே வந்த பிறகு என் வேலைக்கு ஒருவர் கைதட்டியது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரமே சங்கத்தில் சேர்ந்துவிட்டேன்.

எல்லோரையும்போலக் கடையில் விற்கும் தண்டவாளத்தை வாங்கி ஓட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் எழுபத்தாறில் ஒரு பங்கு என்ற அளவில் இங்கே விற்கும் தண்டவாளம் பதினாறரை மில்லிமீட்டர் அகலம். நம்மூர் அகலப் பாதை அதே அளவில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் வர வேண்டும். ஐந்தரை மில்லிமீட்டர்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் ரெஜ். நான் பார்ப்பேனே! ஸ்லீப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்து, தண்டவாளத்தை நானே சால்டரிங் வைத்து, எஞ்சின் சக்கரங்களைப் பிரித்து அகலப்படுத்தி, பதினான்கு அடி நீளப் பலகையில் பொம்மிடியை முடிக்க ஆறு வருடம் ஆனது. ஸ்டெல்லா கிருஷ்ணகிரிக்காரி, வாய்க்குப் பஞ்சமில்லை. "வூட்டுக்காரர் இன்னொரு பொம்பளை பின்னால போனாலாவது மயிரைப் புடிச்சுச் சண்டை போடலாம். தண்டவாளத்தோட நான் எங்க போயி சண்டை போடுறது?" என்று ஊருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மண்கூட உண்மையானதாக இருக்க வேண்டும் என்று ஒரு தடவை ஊரிலிருந்து இரண்டு கிலோ செம்மண்ணைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். இங்கே விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டார்கள். வெளிநாட்டு மண்ணுக்கு அனுமதி இல்லையாம். ஒரு படிவத்தில் 'எதற்காக?' என்று ஒரு கட்டம் இருந்தது. 'ரயிலுக்கு அடியில் போட' என்று எழுதினேன். அந்த அதிகாரி என்னையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்து பொம்மிடி மண் ஒரு மஞ்சள் குப்பைத்தொட்டிக்குள் போனது. இப்போது என் ஸ்டேஷனில் இருப்பது செங்கல் தூளும் காப்பிப் பொடியும் கலந்தது.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். பத்தரை வண்டி ஒன்றைத் தவிர, அன்று காலை நான் கண்ணால் பார்க்காதது எதுவும் அந்தப் பலகையில் இருக்கக் கூடாது.

3

எண்பத்தாறில் பொம்மிடியில் எனக்கு லைட்டுக்காரன் என்று பெயர். மாதா கோயில் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு, கல்யாண வீட்டுக்கு ட்யூப்லைட், ரயில்வே குவார்ட்டர்ஸில் ஃபியூஸ் போனால் ஃபியூஸ், எல்லாம் நான்தான். அம்மா எனக்கு ஆறு வயதில் போய்விட்டாள். அப்பா காட்டு வேலையோடு சரி. பதினாறு வயது பிலோமி அக்காதான் என்னைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அடித்து அனுப்பி ஆளாக்கினாள். பிறகு ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிற மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அருவிக்குப் போகிற வழியில் அக்கா மீன் வறுத்து விற்றாள்.

எனக்கு வளைகுடாவுக்கு விசா வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து என்னோடு இன்னும் நாலு பேர். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போகிறவனை ரயிலேற்றுவது பாதி கல்யாணம், பாதி இழவு. வேன் வைத்துக்கொண்டு ஊரே வரும். வண்டி கிளம்பும்போது பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார்கள். பெட்டி முழுக்க எட்டிப் பார்க்கும். எனக்கு அது ஆகாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அக்காவிடம் சொல்லிக்கொள்ள ஒகேனக்கல் போனேன். கடையில் கூட்டம். அக்கா தோசைக்கல்லில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"எந்த வண்டிடா?"

"பத்தரை வண்டி."

"வியாழக்கிழம கடை போடல. நான் வந்து ஏத்தி உடறேன்."

"எதுக்குக்கா? அவ்ளோ தூரம் ரெண்டு பஸ்சு மாறி வரணும்."

"நான் வராம பின்ன யாரு வருவா? அம்மாவா எந்திரிச்சு வரப்போவுது?"

எங்கள் டிக்கெட் காலை பாசஞ்சருக்கு. விடிந்தும் விடியாததுமாக வருகிற வண்டி. அக்கா முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஒன்பதரைக்கு முன்னால் பொம்மிடிக்கு வந்து சேர முடியாது. அதைக் கணக்குப் போட்டுத்தான் பத்தரை என்றேன். வாய் தவறி வந்தது என்று இத்தனை நாள் கழித்துச் சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. தெரிந்தே சொன்ன பொய்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ரயிலுக்கு நேரம்தான் பெயர். பத்தரை வண்டி பன்னிரண்டரைக்கு வந்தாலும் அது பத்தரை வண்டிதான். மத்தியானம் மூன்று மணிக்கு வந்தாலும் "பத்தரை வண்டி இப்பத்தான் வருது" என்பார்கள். அதனால் வண்டி போய்விட்டது என்று முடிவுகட்டி யாரும் சீக்கிரத்தில் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். நான் சொன்ன பொய் எத்தனை மணிக்கு முடியும் என்று எனக்கே தெரியாது.

ஏன் சொன்னேன்? அக்கா அழுவாள், பிளாட்பாரத்தில் ரகளையாகிவிடும், கூட வருகிற நாலு பேர் கேலி செய்வார்கள். அப்படித்தான் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அன்று காலை பனி. சேர்வராயன் மலை தெரியவில்லை. ஸ்டேஷனில் எங்கள் ஐந்து பேரோடு ஏஜென்டின் ஆள், கையில் கொடியோடு பாயிண்ட்ஸ்மேன், டீக்காரர், படுத்திருந்த ஒரு நாய். பாசஞ்சர் வந்தது, ஏறினோம். வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்ச் காலியாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

4

இரண்டு மாதம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. எழுதத் தெரிந்த யாரையோ வைத்து எழுதியது, ஆனால் வார்த்தை அவளுடையது. 'அன்னிக்கு உன்னை ஏத்தி உடலாம்னு கிளம்பினேன். பென்னாகரத்துகிட்ட பஸ் பஞ்சர். வர முடியாமப் போச்சு. மனசுல வச்சுக்காதே. ஒடம்பப் பாத்துக்க.'

முதலில் துள்ளிக் குதித்தேன். அவள் வரவேயில்லை! என் பொய்யால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் சந்தேகம் வந்தது. பஸ் பஞ்சரானால் அடுத்த பஸ்ஸில் ஏறுகிறவள்தானே அவள்? அடுத்த பஸ் இல்லையென்றால் லாரியைக் கை காட்டி நிறுத்துகிறவள் ஆயிற்றே! எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஒரு தடவை சாணி வண்டியில் உட்கார்ந்து வந்தவள், ஒரு பஞ்சருக்கா திரும்பிப் போவாள்?

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் போனேன். அக்கா மீன் வறுத்துப் போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவளும் பேச்செடுக்கவில்லை. எப்படியும் அடுத்த விடுமுறை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த விடுமுறைக்கு முன்னால் தந்தி வந்தது. மஞ்சள் காமாலையில் அக்கா போய்விட்டாள். என் பாஸ்போர்ட் கம்பெனியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அதை வெளியே எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், நாட்டைவிட்டுப் போக இன்னொரு தாள் வேண்டும். ஒருவர் லீவில் இருந்தார், இன்னொருவர் அக்கா நெருங்கிய உறவில் வர மாட்டாள் என்றார். அம்மாதான் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது பொய் வரவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தபோது நாற்பதாம் நாள் பூசையும் முடிந்திருந்தது.

இங்கே வந்த புதிதில் ரெஜ் ஒரு நாள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். தந்தியில் வந்த ஆங்கில வார்த்தை அப்படியே மனதில் நின்றுவிட்டதால், என் அக்கா எக்ஸ்பயர் ஆகிவிட்டாள் என்றேன். அவர் முகம் குழம்பியது. இங்கே பஸ் பாஸும் பாலும்தான் எக்ஸ்பயர் ஆகுமாம். பிறகு புரிந்துகொண்டு என் தோளைத் தட்டினார். அந்த வார்த்தையை நான் அதற்குப் பிறகு உபயோகிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரித்தாலும் பரவாயில்லை. இங்கே பொம்மைகள் பாக்கெட்டில் விற்கும், ஓர் அங்குலத்துக்கும் குறைவான உயரத்தில். எல்லாம் தொப்பியும் ஓவர்கோட்டும் போட்ட வெள்ளைக்காரர்கள். பிளேடால் தொப்பியைச் சீவி, கோட்டைச் சுரண்டி, டிஷ்யூ தாளில் வேட்டி புடவை ஒட்டி நம் ஆட்கள் ஆக்குவேன். அப்படி ஒரு தடவை, என் கட்டுப்பாட்டை மீறி, காப்பிக்கலர் புடவையில் ஒரு பெண்ணைச் செய்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தேன். அடுத்த கண்காட்சியில் பெட்டியைத் திறந்தால் அவள் தண்டவாளத்தின் நடுவில் குப்புறக் கிடந்தாள். மறுபடி ஒட்டினேன். மறுபடி அதே இடம். நாய் விழவில்லை, டீக்காரர் விழவில்லை, கொடி பிடித்தவர் விழவில்லை. "பசை சரியில்ல" என்றாள் ஸ்டெல்லா. எல்லோருக்கும் ஒரே பசைதான். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவளை எடுத்து ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன். வரவில்லை என்று அவளே எழுதியிருக்கிறாள், நான் யார் அவளை அங்கே உட்கார வைக்க? அப்போதிலிருந்து அந்த ஆறு நிமிடமும் பெஞ்சைப் பார்க்காமல் இருக்க என் கண்களை நான் பழக்க வேண்டியிருந்தது.

5

போன மாதம் ரெஜ்ஜின் மின்னஞ்சலுக்குப் பிறகு எனக்கு ஓர் எண்ணம் வந்தது. எண்பதுகளில் பொம்மிடி ஸ்டேஷனை அறிந்தவர் யாராவது இருந்தால், அந்த நேரத்தில் என்னென்ன வண்டிகள் போகும் என்றாவது கேட்டுக்கொள்ளலாமே? இந்தப் பக்கத்துத் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் 'சாம்' என்ற பெயரிலேயே கேட்டு எழுதினேன். இரண்டு நாளில் ஒரு பெண் பதில் போட்டிருந்தார். அவருடைய அப்பா பொம்மிடியில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவராம். அவர் இப்போது இல்லை. அம்மா ஆறு மாத விசாவில் இங்கே வந்திருக்கிறார், கண்காட்சிக்கு அழைத்து வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை கன்ட்ரோலரில் என் மகள் ரீட்டா இருந்தாள். லண்டனில் வேலை, வருடத்தில் நாலு தடவை வருவாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அது பழகிவிட்டது. போனில் பொம்மிடி ஸ்டேஷன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பா, தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி இருக்கிறதே, நீங்கள் போடவில்லையே" என்று கேட்டாள். அது நான் வந்த பிறகு போட்டது என்றேன். "அப்படியானால் இது இப்போது எங்கேயும் இல்லாத ஊர்" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

பதினோரு மணிக்கு அந்த அம்மா வந்தார். எழுபதை நெருங்கும் வயது, புடவைக்கு மேல் மகளின் குளிர்க்கோட்டு. பெயர் சரோஜா. பலகையின் முன்னால் வந்து நின்றதும் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"அய்யோ, எங்கூடு! இந்தா, இதுதான் எங்கூடு!" என்று குவார்ட்டர்ஸின் மூன்றாவது கதவைக் காட்டினார். பிறகு என்னை அதட்ட ஆரம்பித்தார். "ஏனுங்க தம்பி, கொழாயி இங்க இருக்காதுங்க. எங்கூட்டுப் பக்கம் தள்ளி வரும். கதவு பச்சையில்லீங்க, செவப்பு. சாமான் நிறுக்கற எட மெசினு அந்தாண்ட."

நான் பென்சிலும் தாளுமாகக் குறித்துக்கொண்டேன். ரீட்டா பாசஞ்சரை விட்டாள். அது வந்து நின்றது, கிளம்பிப் பனிமூட்டம் வரைந்த திரைக்குப் பின்னால் மறைந்தது. சுற்றி நின்றவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சரோஜாம்மா நகரவில்லை.

"இனி ஒண்ணும் வராதுங்களா?"

"வரும்மா. அடுத்து பத்தரை வண்டி."

"பத்தரை வண்டிங்களா?" என்று சிரித்தார். "பத்தரை வண்டின்னாலே எனக்கு ஒகேனக்கல் பிலோமி அக்கா நெனப்புதாங்க வரும்."

என் கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது.

6

அவர் அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

"அவங்க தம்பி வெளிநாடு போறாருன்னு ஏத்தி உட வந்தாங்க. ஒம்பதரைக்கே வந்துட்டாங்க. கையில ஒரு தூக்கு, ஒரு பொட்டலம். பத்தரை வண்டி அன்னிக்குன்னு பாத்து, டாண்ணு பத்தரைக்கு வந்து நின்னுச்சு. எந்த நாளும் அப்பிடி வந்ததில்ல. பொட்டிப் பொட்டியா எட்டிப் பாத்தாங்க. தம்பியக் காணோம். அப்ப என்ன நெனச்சாங்க தெரியுங்களா? வண்டி கரெக்டா பத்தரைக்கு வந்திருக்கு, அதனால இது பத்தரை வண்டியா இருக்காது, நேத்து வண்டிதான் இன்னிக்கு வந்திருக்குதுன்னு! நம்ம வண்டி இனிமேத்தான் வரும்னு நின்னுட்டாங்க."

"பெஞ்சில உக்காந்திருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"பெஞ்சில எங்க உக்காந்தாங்க! ஒவ்வொரு வண்டி வரப்பவும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டம். சாயங்காலம் வரைக்கும் நின்னாங்க. மத்தியானம் எங்கூட்டுக்குத் தண்ணி கேட்டு வந்தப்ப, அந்தப் பொட்டலத்துல இருக்கறதத் தின்னுங்களேன்னேன். தம்பிக்கு வறுத்தது, அவன் தின்ன மிச்சந்தான் எனக்குன்னாங்க. எங்கூட்டுக்காரரு நைட் டூட்டி பாத்துட்டுப் படுத்திருந்தவரு, சாயங்காலமா எந்திரிச்சு வந்தாரு. யாரு இவங்கன்னாரு. நம்ம லைட்டுக்காரத் தம்பியோட அக்காவாம், தம்பி பத்தரை வண்டிக்கு வருவாருன்னு நிக்கறாங்கன்னேன். அவரு சட்டுனு சொல்லிட்டாரு. அவரு காலையில பாசஞ்சர்லயே போயிட்டாருங்களே, நாந்தான கொடி காட்டுனேன்னு."

கொடி பிடித்த அந்த மனிதரின் பொம்மை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. ரீட்டா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கன்ட்ரோலரை வைத்துவிட்டாள்.

"லாஸ்ட் பஸ் போயிருச்சு. ராத்திரி எங்கூட்டுலதான் படுத்தாங்க. அதுலேர்ந்து நாங்க கூடப் பொறந்தவங்க மாதிரி ஆயிட்டோம். மாத்தலாகிப் போற வரைக்கும் பஸ்சுக்காரருகிட்ட மீன் குடுத்து உடுவாங்க. ஆனா ஒண்ணு, நான் வந்தது தம்பிக்குத் தெரியவே கூடாதுன்னு எங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. பஸ் பஞ்சர்னு எழுதிப்புடறேன், தெரிஞ்சா அங்க போயி அவனுக்கு வேல ஓடாதுன்னாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க தம்பி, உங்க பேரு சாமுதானுங்களா?"

"சவரிமுத்தும்மா. லைட்டுக்காரன்."

அவர் பதறவில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று கேட்பதுபோலக் கேட்டார்.

"ஏந் தம்பி மாத்திச் சொன்னீங்க?"

"அக்கா அழுவாங்கன்னு..."

"அவங்களா? அன்னிக்கு அவங்க ஒரு சொட்டு அழுவலீங்க தம்பி. நாந்தான் மனசு கேக்காம, இப்பிடி ஏமாத்திட்டுப் போயிட்டாரே, கோவம் வல்லியாக்கான்னு கேட்டேன். சிரிச்சாங்க. 'ஏமாத்தல சரோஜா. எந்தம்பி அழுமூஞ்சி. என்னயப் பாத்தான்னா ஓன்னு அழுதுட்டு வண்டிய உட்டு எறங்கிருவான். அதுக்குப் பயந்துக்கிட்டுதான் மாத்திச் சொல்லியிருக்கான். அவன நான் வளத்தவ, எனக்குத் தெரியாதா?'ன்னாங்க. அப்புறந்தான் பொட்டலத்தப் பிரிச்சாங்க. எம் பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு துண்டு மீனு. அவங்களும் நல்லாத்தான் சாப்ட்டாங்க."

நான் முப்பத்தெட்டு வருடமாக எனக்கே ஒத்துக்கொள்ளாததை, அக்கா அன்று சாயங்காலமே முன்பின் தெரியாத ஒரு வீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அழுகிறவள் அவளில்லை, நான்தான். நாலு பேர் கேலி செய்வார்கள் என்று பயந்ததும் என் அழுகைக்குத்தான்.

ஹாலில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். எங்கள் மேசையில் ஒன்றும் ஓடவில்லை என்று பார்த்து ரெஜ் வந்துகொண்டிருந்தார். அழுகையை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, வாய்விட்டு, நம்ம ஊர் இழவு வீட்டில் அழுகிற மாதிரி சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து மேசைகளில் ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றன. ரெஜ் தன் கைக்குட்டையை நீட்டியபடி நின்றார். ரீட்டா அதுவரை நான் அழுது பார்த்ததில்லை. பயந்துபோய் என் முதுகைத் தடவிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டி, "பாட்டி, அப்பாவுக்கு என்ன? அழ வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

சரோஜாம்மா கோட்டுக்கு வெளியே தொங்கிய முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தார்.

"உடு கண்ணு, அழுவட்டும். அழுவாருன்னு இவங்கக்கா எங்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டாங்க" என்றார்.